காயாத சுவரில் ஒரு கை

இந்தத் தீவில், மரைன் ஹில் குன்றில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இருக்கிறவர்களும் முழங்கால் வலியோடும் சர்க்கரை மாத்திரையோடும் ஆளுக்கொரு மூலையில் கிடப்பீர்கள். இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். ‘கப்பல் கலர்’ என்றால் என்னவென்று உங்களுக்குத்தான் தெரியும். என் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். மழைநாளில் துறைமுகத்துத் தண்ணீர் மந்தமாகக் கிடக்குமே, அந்த நிறம். நம் அப்பாக்கள் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தார்கள். கப்பலுக்கு அடித்து டப்பாவின் அடியில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். கிடைத்ததையெல்லாம் ஒரே வாளியில் கொட்டிக் குச்சியால் கலக்குவார்கள். சாம்பலும் பச்சையும்தான் எப்போதும் அதிகம் மிஞ்சும். அதனால் நம் குன்றில் கதவு, கோழிக்கூடு, தண்ணீர் டிரம், கக்கூஸ் தகரம் எல்லாம் அதே நிறம். ஆட்டுக்குட்டிகளுக்கு அடிக்காததுதான் பாக்கி.

போன மாதம் அந்த நிறத்தை அபர்டீன் பஜாரில் ஒரு பெயின்ட் கடையில் மறுபடி பார்த்தேன். என் மருமகளுக்கு ஏழாவது மாதம். லம்பா லைனில் மகன் கட்டிய வீட்டில் பிள்ளைக்கென்று ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்கள். பிறக்காத பிள்ளைக்கு அறை! நாமெல்லாம் பாயில் எந்த ஓரம் காலியோ அங்கே சுருண்டவர்கள். அதற்கு என்ன நிறம் என்று மருமகள் வாரக்கணக்காகப் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தொட்டில், பிரம்புக் கூடை, பின்னால் சாம்பல் பச்சைச் சுவர். கடையில் நிற அட்டையை விரித்து ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள்.

“அத்தை, யே வாலா பாருங்க. சேஜ் கிரீன். ஏக்தம் சாந்தமா இருக்குல்ல?”

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பசி மயக்கம் என்று நினைத்துக் கடைக்காரரிடம் ஸ்டூல் கேட்டு உட்காரவைத்தாள். நல்ல பெண். உட்காரவைத்துவிட்டு அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

“பெயின்ட் இப்பவே அடிச்சிரணும் அத்தை. டாக்டர் மேடம் கண்டிச்சுச் சொல்லிட்டாங்க. நல்லா காஞ்சு, வாசனை மொத்தமா போனப்புறந்தான் பாப்பாவ அங்க படுக்க வைக்கணுமாம். கிட்கி, கதவு எல்லாம் தொறந்தே கெடக்கணுமாம்.”

“காயாத ரூம்ல படுக்க வச்சா?”

“ஐயோ அத்தை, சின்ன உசுரு. தாங்குமா?”

அடுத்த நிமிடம் திரைச்சீலைக்குப் போய்விட்டாள். என் ஆயுள் முழுக்க எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சொல்லாத ஒன்றை அவள் போகிறபோக்கில் சொல்லிவிட்டு, பூப்போட்டதா கோடு போட்டதா என்று என்னிடம் கேட்டாள். பூப்போட்டது என்றேன்.

எனக்குப் பின் ஒரு தம்பி பிறந்தான். உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம், அவனுடைய சின்னப் பெட்டிக்குப் பின்னால் மழையில் நடந்து வந்திருக்கிறீர்கள். அவன் வரப்போகிற மழைக்காலத்தில்தான் அத்தை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. தாயில்லாத அப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். அவளுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. புருஷன் தோணியில் போனவன், வேறொரு துறைமுகத்தில் வேறொரு வீடு பார்த்துக்கொண்டான். இதையெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவள் தகரப்பெட்டி மட்டும்தான். திறந்தால் கருப்பட்டி வாசனையும் கப்பல் டீசல் வாசனையும் சேர்ந்து வரும். மூடியின் உட்பக்கம் ரசம் போன ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும். அதில் முகம் பார்த்தால் ஒரு கண் மட்டும் தெரியும். பேறுகால மருந்துக்குச் சுக்கு, பெருங்காயம், திப்பிலி, இன்னும் என்னென்னவோ பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தாள்.

என் தமிழைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு தாங்காது. “ஏட்டி, தமிழ இந்தியில ஊற வச்சில்லா பேசுதிய எல்லாரும்! அறையில இருக்குங்கத ‘கமராவுல இருக்கு’ன்னு சொல்லுதிய, நான் கேமராவுலன்னு தேடிட்டு நிக்கேன்” என்பாள். என்னை மடியில் இழுத்துப் போட்டுத் தலையில் எண்ணெய் தேய்ப்பாள். சூடான, தடித்த, பெரிய கைகள். ஆண்பிள்ளைக் கை என்று அம்மா கேலி செய்வாள். அந்தக் கைகளை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லவந்ததே அவற்றைப் பற்றித்தான்.

அதற்கு முந்தின வருடம் தூக்கத்தில் என்னைப் பூரான் கடித்தது. நம் ஊர்ப் பூரானைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கால் வீங்கி, நான் கத்திய கத்தில் அப்பா பயந்துபோனார். கைக்குழந்தையைக் கடித்தால் என்ன ஆகும் என்பது அவர் மனதில் முள்ளாக நின்றது. அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும், பின்னறையின் பலகைச் சுவர்களைச் சுரண்டி, இடுக்குகளில் மக்குப் பசை வைத்து அடைத்தார். பட்டறையிலிருந்து இந்த முறை சாதாரண மிச்சத்தைக் கொண்டுவரவில்லை. தண்ணீருக்குள் இருக்கும் கப்பலின் வயிற்றுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டைக் கேட்டு வாங்கிவந்தார். கப்பலின் அடியில் சிப்பி போல ஒட்டிக்கொண்டு சுரண்டினாலும் போகாத கொட்டலசு, இந்தப் பெயின்ட் அடித்தால் ஒட்டாது. அதில் சாம்பல் நிறப் பெயின்டைக் கலந்தார்.

“கொட்டலசே அண்டாத பெயின்ட்க்கா இது. பூரான் எங்க அண்டும்?” என்றார் அத்தையிடம்.

கெட்டியாக ஒன்று, அதன்மேல் இன்னொன்று என்று அடித்தார். விட்டமும் விடவில்லை, ஜன்னல் சட்டமும் விடவில்லை. அந்த அறை அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். கடலுக்கடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தானே சிரித்துக்கொண்டார். அவ்வளவு பிரியமாக அவர் வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

மழை விடவில்லை. அது எப்படிப்பட்ட மழை என்று உங்களுக்குத் தெரியும். உப்புக் கரையும், துணியில் பூஞ்சை பூக்கும், தீக்குச்சி உரசினால் மருந்து உதிரும். அந்த மழையில் பெயின்ட் எப்படிக் காயும்? அம்மாவும் தம்பியும் வீட்டுக்கு வந்த அன்று சுவர் பிசுபிசுவென்று இருந்தது.

“தம்பி, செவுரு இன்னும் காயலயே. மூக்கெல்லாம் எரியுது. இவள ரெண்டு நாளைக்கு முன்னறையில போடுவோமா?” என்றாள் அத்தை அப்பாவிடம்.

“முன்னறையில ஒழுகுதுல்லாக்கா. வாசக்காத்து வேற. பச்ச ஒடம்புக்காரி. காஞ்சிருச்சு, அது அப்படித்தான் இருக்கும்.”

“எங்க காஞ்சிருக்கு? இங்க பாரு” என்று அத்தை உள்ளங்கையைச் சுவரில் பதிய வைத்தாள். எடுக்கும்போது ‘சப்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஐந்து விரலும் ரேகையுமாக ஒரு முழுக் கை சுவரில் நின்றுவிட்டது.

அப்பாவுக்குச் சுவர் கெட்டுப்போன கோபம். “என்னக்கா நீ, சின்னப்பிள்ள மாதிரி” என்றார். அம்மா படுக்கையிலிருந்தே சிரித்தாள். அத்தை மண்ணெண்ணெய் தொட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே முணுமுணுத்தாள். அவள் போன பிறகு நான் அந்தத் தடத்துக்குள் என் கையை வைத்துப் பார்த்தேன். நாலு பக்கமும் இடம் மிஞ்சியது. என் கையிலும் ஒட்டியது.

பிள்ளை பெற்றவளுக்குக் காற்று ஆகாது. அது நம் எல்லார் வீட்டிலும் சட்டம். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழந்துணி சொருகினார்கள். சொருகியது அத்தைதான், அதை நான் மறைக்கப்போவதில்லை. அவளும் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவள்தானே. காலையும் மாலையும் தம்பியைக் குளிப்பாட்டி சாம்பிராணிப் புகையில் காட்டுவாள். பெயின்ட் நாற்றமும் புகையும் சேர்ந்து அறைக்குள் கண் திறக்க முடியாது. நான் இருமினேன் என்று என்னை வெளியே துரத்தினார்கள். அதனால் முன்னறையில் ஒழுகல் இல்லாத மூலையில் அத்தையை ஒட்டிப் படுத்தேன்.

பின்னறையிலிருந்து பல்லிகள் போய்விட்டன. எறும்புகள் சுவரோரம் வரிசையாகச் செத்துக் கிடந்தன. அப்பா அதைக் கூட்டி அள்ளி அம்மாவிடம் காட்டினார். “பாத்தியா? ஒண்ணு கூட பொழைக்கல” என்றார்.

அம்மாவுக்கு எந்நேரமும் தலைவலி. தம்பி முதலில் நன்றாகப் பால் குடித்தான். பிறகு இழுத்து இழுத்து விட்டான். பிறகு குடிக்கவே இல்லை. பூனைக்குட்டி போல ஒரு முனகல். வயிறு மேலும் கீழும் வேகமாக ஏறி இறங்கும்.

அப்போதுதான் கோயில் உபதேசியாரின் மனைவி பிள்ளை பார்க்க வந்தாள். உங்களில் பலருக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்து, காதைத் திருகியவள். அவள் தம்பியைப் பார்த்தாள். நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். தொட்டிலுக்கு நேர்மேலே அந்தக் கை.

“இது யாரு கை?”

“நாத்தனா கை” என்றாள் அம்மா.

உபதேசியார் மனைவி அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அங்கே அத்தை மருந்து இடித்துக்கொண்டிருந்தாள். “ஒனக்கு எத்தன பிள்ளைக?” என்று கேட்டாள்.

“ரெண்டு. கர்த்தர் எடுத்துக்கிட்டாரு.”

உலக்கைச் சத்தம் நின்றது. உபதேசியார் மனைவி சுவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போனாள். அவ்வளவுதான் அவள் செய்தது. வேறு எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் அத்தை தம்பியைக் குளிப்பாட்டக் கை நீட்டினாள். “இருக்கட்டும் மைனி, நான் பாத்துக்கிடுதேன்” என்று அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டாள். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அத்தை அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள்.

தம்பியை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த காலை வெறும் உடலாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நெஞ்சில் சளி என்றார்களாம். பட்டறைத் தச்சர் பெட்டி செய்தார். அப்பா அதற்கு வெள்ளை அடித்தார். அதுவும் காயவில்லை. பெட்டியைத் தூக்கிய உபதேசியாரின் சட்டையில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. எல்லாரும் பார்த்தார்கள். மழையில் பெயின்ட் காயாது என்று அன்று எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. ஒருவருக்கும் அந்தப் பின்னறை ஞாபகம் வரவில்லை.

அடக்கம் முடிந்து வந்து அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள். “ஒங்க கைராசி எனக்குத் தெரியாமலா இருந்துச்சு மைனி? தெரிஞ்சிருந்தும் தொடவிட்டேனே.”

அத்தை வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை ரேகையில் இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது.

அடுத்த கப்பலுக்கே அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். கப்பல் ஏறும் ஜெட்டியில் நானும் நின்றேன். அப்பா தகரப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டிய பெட்டிதான், அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“தம்பி, நீயும் அப்படித்தான் நெனைக்கியா?” என்று அத்தை கேட்டாள்.

அப்பா முடிச்சை இறுக்கினார். “மழை பெலக்குதுக்கா. ஏறு.”

அவள் ஏறினாள். படிக்கட்டில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், அது சரியாக வரவில்லை. கப்பல் நகர்ந்தபோது எல்லாரும் கையாட்டினார்கள். அவள் ஆட்டவில்லை.

அந்தக் கைத்தடத்தின்மேல் அப்பா திரு இருதய ஆண்டவர் காலண்டரை மாட்டினார். வருடம் மாறினாலும் அதை மாற்றவில்லை. நாங்கள் அந்த அறையில் தேங்காயும் விறகும் போட்டோம். அதற்கடுத்த மழைக்கு, பக்கத்து வீட்டுக்காரர் தன் மகள் பிரசவத்துக்கு வருகிறாள், அறைக்கு அடிக்கக் கொஞ்சம் கப்பல் பெயின்ட் கொடுங்கள் என்று வந்து நின்றார். அப்பா வாசலை மறைத்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“வீட்டுக்குள்ள வேண்டாங்க. கோழிக்கூட்டுக்குன்னா தாரேன். உள்ள வேண்டாம்.”

அப்பாவுக்கு ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று அன்று நினைத்தேன். அதன் பிறகு சாகும்வரை அவர் வீட்டுக்குள் பெயின்ட் அடிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்புதான் அடித்தார். இதையும் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நினைத்துக்கொண்டேன். அப்படியானால் அவருக்குத் தெரியும். எப்போது தெரிந்தது? பக்கத்து வீட்டுக்காரர் வருவதற்கு முன் பட்டறையில் யாராவது சொன்னார்களா? அல்லது ஜெட்டியில் அந்தக் கயிற்றை அவிழ்த்துக் கட்டும்போதே தெரியுமா? தன்னை வளர்த்தவளை அந்தப் பழியோடு ஏற்றிவிட்டு, தன் கையால் அடித்த சுவரைக் காலண்டரால் மறைத்தாரா? கேட்க அவர் இல்லை. அம்மா இல்லை. தெரிந்திருந்தால் அம்மா அவரோடு ஒரு நாளாவது வாழ்ந்திருப்பாளா என்பதும் எனக்குத் தெரியவில்லை. பெயின்ட்தான் கொன்றது என்று அடித்துச் சொல்லவும் என்னால் முடியாது. நிஜமாகவே நெஞ்சுச் சளியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கை இல்லை. அது மட்டும் நிச்சயம்.

அத்தையை அப்புறம் ஒரே ஒரு முறை பார்த்தேன். கல்யாணமாகி, என் மூத்தவனுக்கு நாலைந்து மாதம் இருக்கும்போது மெயின்லேண்ட் போனவள், யாருக்கும் சொல்லாமல் அந்தக் கடற்கரை ஊருக்கு பஸ் ஏறினேன். ஓலைவீட்டில் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. “ஏட்டி, நீயா!” என்றாள். நான் பிள்ளையை அவளிடம் நீட்டினேன்.

அவள் ஓரடி பின்னால் போனாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள்.

“தூக்குங்க அத்தை.”

“நான் தூக்கமாட்டேன்ட்டி. நீ காட்டு, கண்ணால பாத்துக்கிடுதேன்.”

“அத்தை, அதெல்லாம் சும்மா...”

“சும்மா இல்லட்டி. மூணு பிள்ளையத் தின்ன கை. எனக்குத் தெரியாதா?”

இருந்த நேரமெல்லாம் அவள் அப்படித்தான் நின்றாள். பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தான், அவளும் சிரித்தாள், கைகள் முன்னால் வரவில்லை. நான் திரும்பிய பிறகு எத்தனை வருடம் இருந்தாளோ, தெரியாது. செத்த செய்தியே ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. அவள் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவளுடையது என்று இந்தத் தீவில் மிஞ்சியிருந்தது அந்தச் சுவர்த் தடம் மட்டும்தான். கான்கிரீட் வீடு கட்டும்போது பலகைகளைப் பிரித்து, கொத்தனார்களுக்குச் சோறாக்க எரித்தோம். காலண்டரை எடுத்தபோது கை அப்படியே இருந்தது, ரேகைகூட மங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அடுப்பில் வைத்தேன்.

இத்தனை காலமும் அந்தத் தடத்தை எல்லாரும் எப்படிப் பார்த்தோம் என்று நினைத்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவள் கையை வைத்ததே சுவர் காயவில்லை என்று காட்டத்தான். காயாததால்தான் அது பதிந்தது. அந்த வீட்டில் ஒருத்திதான் சரியாகப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்னதற்குச் சாட்சியாக நின்றதை வைத்தே அவளைத் துரத்தினோம். அவளும் நம்பிவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம் லம்பா லைன் வீட்டில் அறை தயாராகிவிட்டது. ஜன்னல்கள் நாளெல்லாம் திறந்து கிடந்தன, நாற்றமே இல்லை. அதே நிறம், சந்தேகமே இல்லாமல் அதே நிறம். மருமகள் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றாள்.

“அத்தை, கைய வச்சுப் பாருங்க. காஞ்சிருச்சான்னு நீங்க சொன்னாத்தான் தொட்டில் கொண்டு வரச் சொல்வேன்.”

எனக்கு எல்லாம் தெரியும். இப்போதுதானே உங்களிடம் இவ்வளவும் சொன்னேன். கையை நீட்டத்தான் நினைத்தேன்.

“க்யா ஹுவா அத்தை? ஏன் கைய பின்னாடி கட்டிட்டு நிக்கிறீங்க?” என்றாள் அவள். சிரித்துக்கொண்டே தன் கையைச் சுவரில் பதித்து, எடுத்து, என்னிடம் விரித்துக் காட்டினாள். கை சுத்தமாக இருந்தது. சுவரும் சுத்தமாக இருந்தது.

“பாத்தீங்களா, ஒண்ணும் ஒட்டல. இப்ப வாங்க, நீங்களும் தொடுங்க.”

“நீ பாத்துட்டல்லா, போதும்” என்றேன்.